தோழமையும் மரபிசையும்
அயர்லாந்தின் 'சீஃப்டன்ஸ்' குழுவினர் பற்றிய ஒரு திறனாய்வு

இசை தனித்தும் இயங்கும், கூடியும் இயங்கும். தனித்து இசைப்பவனுக்குத் தன் உள்ளம் நிறைந்தால் போதும். கூடி இசைப்பவனுக்கோ பக்கத்தில் அமர்ந்திருப்பவன் செவியும் நிறைய வேண்டும். நெடுங்காலம் தனியிசையாகவே வளர்ந்த ஒரு மரபு கூட்டிசையாக மாறும்பொழுது அது பெறுவது யாது? இழப்பது யாது? இவ்வினாக்களை ஆராய அயர்லாந்து நாட்டின் 'சீஃப்டன்ஸ்' குழுவைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1962ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் தோன்றிய இக்குழு, அதன் தலைவர் பேடி மொலோனி 2021இல் மறையும் வரை ஏறத்தாழ அறுபதாண்டுக் காலம் இயங்கியது. நண்பர் சிலர் ஓய்வு வேளையில் கூடித் தொடங்கிய இசை, பின்னர் உலக அரங்குகளை நிறைத்தது. அவ்வளர்ச்சியைப் புகழ்ந்து பேசுவோர் பலர். அதனால் விளைந்த நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்த்தோர் சிலரே.

'கெல்ட்டிய இசை' என்னும் பெயர்

முதற்கண் பெயரை ஆராய்தல் வேண்டும். இக்குழுவினர் இசையைக் 'கெல்ட்டிய இசை' என்று அழைப்பது உலக வழக்காகிவிட்டது. 'கெல்ட்டியம்' என்பது உண்மையில் ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். வேல்ஸ் நாட்டுப் பேரறிஞர் எட்வர்டு லூயிட் 1707இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், பிரிட்டனி ஆகிய பகுதிகளின் மொழிகளிடையே உள்ள உறவை விளக்கினார். மான் தீவின் மொழியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. மொழிகள் உறவுடையன, ஆயின் அந்நாடுகளின் இசை ஒன்றா? அன்று. வேல்ஸில் மூவரிசை நரம்புகள் கொண்ட யாழ் சிறப்புற்றது. பிரிட்டனியில் 'பொம்பார்ட்' என்னும் உரத்த சீவாளிக் குழல், சிறிய பைக்குழலோடு இணைந்து ஒலிக்கும். ஸ்காட்லாந்தின் பைக்குழல் நின்றும் நடந்தும் வாயால் ஊதப்படுவது. அயர்லாந்தின் பைக்குழலோ அமர்ந்து இசைப்பது. இவற்றையெல்லாம் ஒரே பெயரில் அடக்கியது இருபதாம் நூற்றாண்டின் விழாக்களும் இசைத்தட்டு வாணிகமுமே ஆகும். பிரிட்டனியின் லோரியான் நகரில் 1971இல் தொடங்கிய கெல்ட்டியர் பெருவிழா இப்போக்குக்கு வலுவூட்டியது. எனவே, சீஃப்டன்ஸ் குழுவினர் இசையை 'அயர்லாந்து மரபிசை' எனக் கொண்டு ஆராய்வதே முறையாகும்.

தனியிசையாக வளர்ந்த மரபு

அயர்லாந்து மரபிசை பெரும்பாலும் ஒற்றை வரிப் பண்ணிசை. பல சுரங்களை ஒரே வேளையில் அடுக்கி ஒலிக்கும் மேனாட்டு அடுக்கிசை முறை அதற்கு இயல்பானதன்று. பழங்காலத்தில் பிரபுக்களின் ஆதரவில் வாழ்ந்த யாழ்ப் பாணர்கள் தனியராகவே ஊர் ஊராகச் சென்றனர். அவர்களுள் புகழ்மிக்கவர், கண்பார்வை இழந்த டர்லோ ஓ கரோலன் (1670–1738). 1792இல் பெல்ஃபாஸ்ட் நகரில் யாழ்ப் பாணர் மாநாடு கூடியபொழுது அயர்லாந்தின் பாணர் பதின்மரே வந்தனர். அழியும் நிலையில் இருந்த அவர்தம் இசையை எட்வர்டு பன்ட்டிங் என்னும் இளைஞர் ஏட்டில் எழுதிக்கொண்டார். பின்னர்ப் பஞ்சத்தாலும் வறுமையாலும் மக்கள் கடல் கடந்து குடியேற, இசையும் அவர்களோடு சென்றது. அமெரிக்காவின் சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக விளங்கிய பிரான்சிஸ் ஓ நீல், 1850 மெட்டுகளைத் தொகுத்து 1903இல் பெருநூலாக வெளியிட்டார். தாயகத்தில் தளர்ந்ததைப் புலம்பெயர்ந்தோர் காத்தமைக்கு இஃது ஒரு நற்சான்று.

தாயகத்திலோ 1935இல் பொது நடனக் கூடச் சட்டம் வந்தது. உரிமம் இன்றிப் பொது நடனம் நடத்தலாகாது என்றது அச்சட்டம். வீட்டு அடுக்களையில் ஒரு பிடிலோ ஒரு குழலோ துணையாக நிகழ்ந்துவந்த நடனங்கள் அருகின. பெரிய கூடங்கள் பெருகின. கூடத்தை நிறைக்க ஒற்றைப் பிடிலின் ஒலி போதாது. ஆகவே அக்கார்டியன், பியானோ, முரசு முதலியவற்றைச் சேர்த்துக்கொண்ட 'கேலி' குழுக்கள் ஓங்கின. எல்லாக் கருவிகளும் தொடக்கம் முதல் இறுதி வரை ஒருங்கே முழங்குவது அவற்றின் வழக்கம். அவை நடனத்திற்கு உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒவ்வொரு கலைஞனுக்கும் உரிய தனி நுட்பம் அம்முழக்கில் மூழ்கிப்போயிற்று.

ஓ ரியாடா காட்டிய வழி

இந்நிலையை எதிர்த்து எழுந்தவர் ஷான் ஓ ரியாடா (1931–1971). மேனாட்டு இசையிலக்கணம் முறையாகக் கற்ற இவர், டப்ளின் ஆபி நாடக அரங்கின் இசை இயக்குநராகப் பணியாற்றினார். 1959இல் வெளிவந்த 'மிஷா எய்ரா' என்னும் ஆவணப்படத்திற்கு மரபு மெட்டுகளை வைத்துப் பெருங்குழு இசை அமைத்துப் புகழ் பெற்றார். எனினும் மரபிசையைப் பெருங்குழுவின் ஆடையில் நிறுத்துவது அவருக்கு நிறைவளிக்கவில்லை. மரபுக் கலைஞர் சிலரை ஒன்றுசேர்த்து 'கியோல்டோரி கூலன்' என்னும் குழுவை அமைத்தார். 1962இல் வானொலியில் ஆற்றிய தொடர் உரைகளில் கேலி குழுக்களின் ஓசைக் குவியலைக் கடுமையாகச் சாடினார்.

அவர் காட்டிய வழி எளியது. கருவிகள் எப்பொழுதும் ஒருங்கே ஒலிக்க வேண்டியதில்லை. ஒருவர் தொடங்கலாம், இருவர் தொடரலாம், ஒருவர் ஓயலாம், இறுதியில் அனைவரும் கூடலாம். ஓசையோடு அமைதியும் இசையின் ஓர் உறுப்பாயிற்று. கிராமத் திருநாட்களில் மட்டும் ஒலித்த 'பௌரான்' என்னும் ஆட்டுத்தோற் பறையை அரங்கிற்குக் கொணர்ந்தவரும் அவரே. பெரிய தப்பு போன்ற வட்டச் சட்டத்தில் தோல் போர்த்தி, கையாலோ சிறு கோலாலோ அடிக்கப்படும் கருவி அது.

ஆயினும் ஓ ரியாடாவுக்கும் அவர்தம் கலைஞர்க்கும் இடையே இருந்தது ஆசான்–மாணாக்கர் உறவை ஒத்தது. சிந்தனை அவருடையது, விரல்கள் பிறருடையன. அவ்விரல்களுக்கு உரியவர்கள் தமக்குள்ளேயே நண்பர்கள் என்பதுதான் அடுத்த வளர்ச்சிக்கு வித்தாயிற்று.

ஐவர் கூடிய கதை

பேடி மொலோனி 1938இல் பிறந்தவர். இளமையிலேயே தகரக் குழல் பயின்று, பின்னர் லியோ ரௌசம் என்னும் புகழ்மிக்க ஆசானிடம் 'இல்லின்' பைக்குழல் கற்றார். 'இல்லின்' என்பதற்கு ஐரிய மொழியில் முழங்கை என்பது பொருள். துருத்தியை முழங்கையின் கீழ் வைத்து அமுக்கிக் காற்று ஏற்றுவதால் இப்பெயர் வந்தது. பண் இசைக்க ஒரு குழல், சுருதி சேர்க்க மூன்று ஒத்துக் குழல்கள், இடையிடையே அடுக்குச் சுரம் ஒலிக்க மூன்று துணைக் குழல்கள் என ஏழு குழல்கள் கொண்ட அரிய கருவி இது. இதன் இசைமரபை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2017இல் மானிடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மொலோனியின் இளமை நண்பர் ஷான் பாட்ஸ், தகரக் குழல் வல்லுநர். பாட்டனார் பைக்குழல் கலைஞர். சிறிய தந்தையார் டாமி பாட்ஸ் பிடில் கலைஞர். இவ்விருவரோடு மைக்கேல் டூபிரிடி (புல்லாங்குழல், கான்செர்ட்டினா), மார்ட்டின் ஃபே (பிடில்), டேவிட் ஃபாலன் (பௌரான்) ஆகியோர் சேர, ஐவராயினர். ஃபே, ஆபி அரங்கின் வாத்தியக் குழுவிலும் பிடில் வாசித்தவர். கின்னஸ் குடும்பத்தைச் சார்ந்த கேரக் பிரௌன் உடன் நின்று நிறுவிய 'கிளாடா' இசைத்தட்டு நிறுவனம், ஐவரின் முதல் தட்டை 1964இல் வெளியிட்டது. 'சீஃப்டன்ஸ்' என்னும் பெயரை வழங்கியவர் கவிஞர் ஜான் மான்டேகு. குலத் தலைவர்கள் என்பது அதன் பொருள்.

ஐவருக்கும் இசை தொழிலன்று. மொலோனி கட்டுமானப் பொருள் விற்கும் நிறுவனத்தில் கணக்கு எழுதினார். டூபிரிடி பொறியியலாளர். இரண்டாம் தட்டு வெளிவந்ததோ 1969இல். இரண்டுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள்! வாணிக நோக்கில் இஃது ஒரு பெருங்குறை. கலை நோக்கிலோ இஃது ஒரு பேறு. ஒரு மெட்டை மேடைக்காக அவசரமாக முடிக்கும் தேவை அவர்களுக்கு இல்லை. மாலை தோறும் கூடி, வாசித்து, பேசி, மீண்டும் வாசித்து, அதைப் பழுக்கவிட்டனர். முதல் தட்டின் தொடக்க உருப்படியிலேயே இதன் பயன் தெரிகின்றது. விளம்ப நடையில் மெல்லத் தொடங்கி, நடை மாறி நடை மாறி, துரித நடையில் அது முடிகின்றது. கருவிகள் புகுவதும் விலகுவதும் வலிந்து செய்தன போல் இல்லை. உரையாடலில் ஒருவர் பேச்சை மற்றவர் ஏற்றுத் தொடர்வது போல் இயல்பாக உள்ளன.

கூடி இசைத்தலின் நுட்பம்

இவ்விடத்தில் மரபின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அயர்லாந்து நடன மெட்டு பெரும்பாலும் இரு பகுதிகள் உடையது. ஒவ்வொரு பகுதியும் எட்டுத் தாளக் கட்டங்கள் கொண்டது, இருமுறை வாசிக்கப்படுவது. ஆக, முப்பத்திரண்டு கட்டங்களில் ஒரு சுற்று நிறைவுறும். 'ரீல்' என்பது நாலெண்ணிக்கை நடை. 'ஜிக்' என்பது ஆறெண்ணிக்கை நடை. 'சிலிப் ஜிக்' ஒன்பது. மெட்டு சிறியது, சட்டகம் மாறாதது. அங்ஙனமாயின் கலைஞனின் திறம் எங்கே உள்ளது? அணிகளில் உள்ளது. நீண்ட சுரம் ஒன்றை அவ்வாறே நிறுத்தாமல், மேலும் கீழும் தொட்டு உருட்டுவது 'ரோல்'. சுரத்தின் முன் மேற்சுரம் ஒன்றைக் கணப்பொழுது வெட்டிக் காட்டுவது 'கட்'. பைக்குழலுக்கே சிறப்பாக உரியது 'கிரான்'. எந்தச் சுற்றில், எந்த இடத்தில், எந்த அணியைப் பெய்வது என்பது கலைஞனின் அவ்வேளை உள்ளத்தைப் பொறுத்தது.

சிக்கல் இங்கேதான் தோன்றுகின்றது. தனியாக வாசிப்பவன் விரும்பியவாறு அணி பெய்யலாம். ஐவர் ஒரே மெட்டை வாசிக்கும்பொழுது ஐந்து வகை அணிகள் ஒன்றோடொன்று மோதினால் கேட்போர்க்குக் குழப்பமே எஞ்சும். இதைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, அணிகளைத் தாளில் எழுதி அனைவரும் அதன்படியே வாசிப்பது. இதனால் மோதல் நீங்கும், உயிரும் நீங்கும். மற்றொன்று, பக்கத்தில் இருப்பவர் எங்கே மூச்செடுப்பார், எங்கே விரலை உருட்டுவார் என்பதை நெடுநாட் பழக்கத்தால் முன்னுணர்ந்து, அதற்கேற்பத் தாம் விலகியும் இணைந்தும் வாசிப்பது. இஃது ஒத்திகையால் மட்டும் வருவதன்று. ஆண்டுக் கணக்கில் வளர்ந்த தோழமையால் வருவது.

மொலோனியும் பாட்ஸும் இணைந்து 1974இல் வெளியிட்ட தகரக் குழல் இசைத்தட்டு இதற்குத் தலைசிறந்த சான்று. தகரக் குழல் ஆறு துளைகள் மட்டும் கொண்டது. பள்ளிச் சிறுவனும் வாங்கக்கூடிய விலையது. பீடர் மெர்சியரின் பௌரான் துணை நிற்க, இரண்டு எளிய குழல்கள் மட்டுமே அதில் பேசுகின்றன. மறைந்துகொள்ள அங்கே பெருங்குழுவின் ஓசை இல்லை. ஒருவர் குழல் சுரத்தை நிறுத்தும் இடத்தில் மற்றவர் குழல் அதை உருட்டுகின்றது. ஒரே பண்ணாக இருந்தும் இரு குரல்கள் எனத் தெளிவாகப் பிரித்தறிய முடிகின்றது. தோழமை என்பது ஒருவரை ஒருவர் போல ஆக்குவதன்று; ஒருவர் பக்கத்தில் மற்றவர் தாமாகவே இருக்க இடமளிப்பது. இவ்வுண்மையை அவ்விசைத்தட்டு சொல்லின்றி உணர்த்துகின்றது.

மறுதலைச் சான்று ஒன்று

தனியிசையின் பக்கம் நிற்போர் எழுப்பும் மறுப்பும் எண்ணத்தக்கதே. அவர்களுக்குச் சான்றாக விளங்குபவர், முன்னர்க் குறித்த டாமி பாட்ஸ். தீயணைப்பு வீரராகப் பணிபுரிந்த இவர், மரபு மெட்டுகளின் கட்டங்களையே நீட்டியும் சுருக்கியும், யாரும் எதிர்பாரா இடங்களில் திருப்பியும் வாசித்தார். அதற்கு ஆடுவதும் அரிது. உடன் வாசிப்பதும் அரிது. அவர்தம் இசைத்தட்டை அதே கிளாடா நிறுவனம் 1972இல் வெளியிட்டது. அந்நாளில் அந்நிறுவனத்தை நடத்தி வந்தவர் மொலோனியே. ஒரே குடும்பம், ஒரே நிறுவனம்; வழிகளோ இரண்டு. டாமி பாட்ஸ் சென்ற ஆழத்திற்குக் குழுவால் செல்ல இயலாது. கூடி இசைப்பவர் அனைவரும் ஏற்கும் சட்டகத்தைவிட்டு ஒருவர் மட்டும் தொலைவு செல்லலாகாது. கூட்டிசைக்கு இஃது ஒரு விலை. இவ்விலையைக் கொடுத்தே சீஃப்டன்ஸ் தம் அழகைப் பெற்றனர் என்பதை அவர்களைப் புகழ்வோர் மறத்தல் கூடாது.

தொழிலான பின்

1968இல் பிடில் வல்லுநர் ஷான் கீன் குழுவிற் சேர்ந்தார். 1970களின் தொடக்கத்தில் பெல்ஃபாஸ்டில் ஒலிபரப்பு வாத்தியக் குழுவில் பணியாற்றிய யாழ்க் கலைஞர் டெரிக் பெல் இணைந்தார். ஓ கரோலனின் பண்களுக்கு உரிய யாழ் மீண்டும் மரபுக் கலைஞரிடையே ஒலித்தது குழுவிற்குப் பெருவளம். 1975 மார்ச்சு 17இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பெற்ற பெருவெற்றிக்குப்பின் குழுவினர் முழுநேரத் தொழிலில் இறங்கினர். அதே ஆண்டில் ஸ்டான்லி கூப்ரிக்கின் 'பாரி லிண்டன்' திரைப்படத்தில், ஓ ரியாடா அமைத்த மெட்டு ஒன்று அவர்கள் வாசிப்பில் ஒலித்து உலகம் எங்கும் பரவியது. 1979இல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் போப்பாண்டவரைக் காணத் திரண்ட பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் முன் வாசித்தனர். 1983இல் சீனா சென்று பெருஞ்சுவரின் மீதும் வாசித்தனர்.

ஆயினும் 1979ஆம் ஆண்டே பாட்ஸும் டூபிரிடியும் குழுவைவிட்டு விலகினர். ஐவருள் இருவர், அதிலும் மொலோனியின் இளமைத் தோழர் ஒருவர், தொழில் வாழ்வு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே விலகியமை சிந்திக்கத்தக்கது. புல்லாங்குழலை ஏற்ற மேட் மொலாய் ஈடற்ற கலைஞர்; 1976இல் வந்த கெவின் கான்னெஃப் பௌரானோடு பாட்டையும் சேர்த்தார். திறத்தில் குழு குறைந்தது என்று எவரும் கூறல் இயலாது. ஆனால் அதன் இயல்பு மாறியது. முதல் நான்கு தட்டுகளில் நண்பர் சிலர் தமக்குள் பேசிக்கொள்வதை நாம் அருகிருந்து கேட்கின்றோம். பின்னைத் தட்டுகள் பலவற்றில் அவர்கள் நம்மை நோக்கிப் பேசுகின்றனர். முன்னையதில் நெருக்கம் மிகுதி; பின்னையதில் மெருகு மிகுதி.

விருந்தினர் வரிசை

1988இல் வான் மாரிசனோடு இணைந்தது முதல் விருந்தினர் வருகை பெருகிற்று. 1995இல் வெளிவந்த 'தி லாங் பிளாக் வெயில்' இசைத்தட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ், ஸ்டிங், ஷினேட் ஓ கானர் முதலிய புகழ்பெற்ற பாடகர் பலர் பங்குகொண்டனர். விற்பனையும் விருதும் குவிந்தன. மரபு அறியாத இலட்சக் கணக்கானோர் பைக்குழலின் குரலை முதன்முதல் கேட்டனர். இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. அதே வேளையில் அங்குக் குழு நிகழ்த்துவது பெரும்பாலும் பக்கவாத்தியப் பணியே. பாடகர் மாறுந்தோறும் இசை தன் உருவை மாற்றிக்கொள்கின்றது. ஒரு நாட் சந்திப்பில் இருபதாண்டுத் தோழமையின் பயனை விளைவிக்க இயலுமோ?

விருந்தோம்பல் அனைத்தும் ஒரு தன்மையவல்ல. பிரிட்டனி இசையை எடுத்த 1987ஆம் ஆண்டுத் தட்டும், ஸ்பெயினின் கலீசியப் பகுதி இசையை எடுத்த 1996ஆம் ஆண்டு 'சாந்தியாகோ'வும் வேறு வகையின. அங்கே விருந்தினர் மற்றொரு மரபின் வல்லுநர்கள். கலீசியப் பைக்குழலை ஏந்திய கார்லோஸ் நூன்யெஸ் அவர்களுள் ஒருவர். மரபு மரபோடு சமமாக உரையாடுகின்றது. புகழைத் துணைக்கு அழைத்தபோது குழு மெலிந்தது. மரபைத் துணைக்கு அழைத்தபோது வளர்ந்தது. 2000இல் 'வாட்டர் ஃப்ரம் தி வெல்' என்னும் தட்டில் அயர்லாந்து மரபுக் கலைஞர்களையே அவர்கள் மீண்டும் நாடிச் சென்றமை, ஊற்று எங்கே என்பதை அவர்கள் மறக்கவில்லை என்பதைக் காட்டும்.

நடுநிலை நோக்கு

குழு முழுவதற்கும் தோழமையே அடிப்படை என்று கூறி முடித்தலும் மிகையாகும். இசையமைப்பைப் பெரும்பாலும் மொலோனியே ஏற்றார், திட்டமும் அவருடையதே. பெயரோ தலைவர்கள் எனப் பன்மை, தலைவரோ ஒருவர். ஓ ரியாடாவிடம் கண்ட குறையே மற்றொரு வடிவில் இங்கும் தலைகாட்டிற்று எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஓ ரியாடா வெளியிலிருந்து மரபைக் கற்று வந்தவர். மொலோனியோ அதே வட்டத்தில் அமர்ந்து, அதே மெட்டை வாசித்துக்கொண்டே வழிநடத்தியவர். அதனால்தான் அவர்தம் அமைப்புகள் மிக நுட்பமான இடங்களிலும் ஏட்டுச் சுரைக்காயாக ஆகவில்லை.

டெரிக் பெல் 2002இலும், மார்ட்டின் ஃபே 2012இலும், ஷான் பாட்ஸ் 2014இலும், பேடி மொலோனி 2021இலும், ஷான் கீன் 2023இலும் மறைந்தனர். அவர்தம் அமைப்புகளை எழுதி வைத்து இளைஞர் வாசிக்கலாம். எழுத்தில் சுரம் கிடைக்கும், மெட்டு கிடைக்கும், எந்தக் கருவி எங்கே புக வேண்டும் என்பதும் கிடைக்கும். அருகிருப்பவர் மூச்சை அறியும் அறிவு மட்டும் கிடைக்காது. அதை ஒவ்வொரு தலைமுறையும் மாலை தோறும் கூடி அமர்ந்து, தாமே தேடிக்கொள்ளுதல் வேண்டும். மரபு என்பது மெட்டுகளின் தொகுதி மட்டுமன்று. அம்மெட்டுகளை ஒருவரோடொருவர் பகிரும் முறையும் ஆகும். மெட்டைக் காத்து, முறையை இழந்தால் எஞ்சுவது ஏடு. முறையைக் காத்தால், இழந்த மெட்டுக்கு ஈடாகப் புதிய மெட்டுகள் பிறக்கும். சீஃப்டன்ஸ் குழுவினர் விட்டுச்சென்ற முதல் நான்கு தட்டுகளும் இரு தகரக் குழல்களின் தட்டும் இவ்வுண்மைக்கு நிலையான சான்றுகளாக விளங்குகின்றன.